முகமூடிக்குள் ஒரு துப்பறிவாளன்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த ‘த பேட்மேன்’ படம் ஒரு கொலையோடு தொடங்குகிறது. கோதம் நகர மேயர் தன் வீட்டிலேயே அடித்துக் கொல்லப்படுகிறார். கொலைக்குப் பயன்பட்ட உலோகக் கருவி என்னவென்று படத்தின் கடைசிப் பகுதிவரை யாருக்கும் விளங்கவில்லை. கொலைகாரன் ரிட்லர் பிடிபட்ட பிறகு பேட்மேன் அவனது அறைக்குப் போய் அந்தக் கருவியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கிறான். அங்கே காவலுக்கு நின்ற சாதாரணப் பொலிஸ்காரர் ஒருவர்தான், அது தரைக்கம்பளத்தின் ஓரத்தைச் சுவரோடு சேர்த்துச் செருகும் கருவி என்று சொல்கிறார். அவருடைய மாமா கம்பளம் விரிக்கும் தொழிலாளி. பேட்மேன் உடனே அறையின் கம்பளத்தைக் கிழித்து மடக்குகிறான். ரிட்லரின் கடைசித் திட்டம் கீழே தரையில் கிடக்கிறது.

பெரும்பாலான பார்வையாளர்கள் இந்தக் காட்சியைக் கவனிக்காமலே கடந்துபோவார்கள். துப்பறியும் கதை வாசித்துப் பழகியவர்கள் அப்படிப் போக மாட்டார்கள். தேடும் பொருள் எல்லோர் கண்ணெதிரேயும் இருக்கிறது, எவர் கண்ணிலும் படவில்லை. இது எட்கர் அலன் போ 1844இல் வெளியிட்ட ‘களவாடப்பட்ட கடிதம்’ கதையின் உத்தி. அங்கே பொலிசார் வீட்டையே குடைந்து தேட, கடிதம் சுவரோரக் கடிதத்தட்டில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கிறது. இங்கே ரிட்லரின் திட்டத்தைத் தேடியவர்கள் அதன்மேலேயே நடந்து திரிந்திருக்கிறார்கள்.

சூப்பர்ஹீரோ படங்களில் இப்படிப் பழைய துப்பறியும் கதைகளைக் கண்டுபிடிப்பது ரசிகர்களுக்குப் பிடித்த விளையாட்டு. ஆனால் கண்ணில் படும் ஒற்றுமை எல்லாம் மறைகுறிப்பு ஆகிவிடாது. எதை ஏற்பது, எதைத் தள்ளுவது? இந்தக் கட்டுரை அதற்கொரு முறையை முன்வைத்து, அந்த முறையால் ஹொலிவூட்டையும் நம்முடைய கதைகளையும் சோதித்துப் பார்க்கிறது.

1939இன் மேசை

பேட்மேன் படத்தில் துப்பறியும் கதையைத் தேடுவது வீண்வேலை இல்லை. அவன் பிறந்ததே துப்பறியும் இதழ் ஒன்றில்தான். ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ என்ற அமெரிக்கப் படக்கதை இதழ் 1937இல் தொடங்கியது. சூப்பர்மேனையும் பேட்மேனையும் வெளியிடும் டிசி நிறுவனத்தின் பெயரே அந்த இதழின் முதலெழுத்துகள்தாம். 1939 மே மாதத் தேதியிட்ட 27ஆவது இதழில் ஆறு பக்கக் கதையொன்றில் பேட்மேன் முதன்முதலாகத் தோன்றினான். படம் வரைந்தவர் பொப் கேன், கதை எழுதியவர் பில் ஃபிங்கர்.

அந்தக் கதையில் பறக்கும் ஆற்றலோ விண்வெளி அரக்கனோ கிடையாது. ஓர் இரசாயன நிறுவனத்தின் பங்காளிகள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகிறார்கள். பொலிஸ் ஆணையாளர் கோர்டனின் நண்பனான சோம்பேறிச் செல்வந்தன் புரூஸ் வெயின் அவருடன் கொலை நடந்த இடத்துக்குப் போகிறான். கொலைக்குக் காரணம் பங்காளிகளில் ஒருவனின் பேராசை என்று தெரியவருகிறது. அந்தச் சோம்பேறிச் செல்வந்தன்தான் பேட்மேன் என்பது கடைசிப் படத்தில்தான் வாசகருக்குக் காட்டப்படுகிறது. முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ஓர் அசல் கொலைமர்மக் கதை.

அந்த மர்மமும் ஃபிங்கருடைய சொந்தச் சரக்கு அன்று. மலிவுத் தாளில் அச்சாகி வந்த ‘த ஷாடோ’ என்ற கதை இதழில் 1936 நவம்பரில் தியோடர் டின்ஸ்லி எழுதிய ‘பார்ட்னர்ஸ் ஒஃப் பெரில்’ நாவலின் கதைப்போக்கை அவர் அப்படியே சுருக்கி எடுத்திருந்தார். முதல் பேட்மேன் கதைக்கு ஒரு ஷாடோ கதைதான் மூலம் என்று ஃபிங்கரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். எந்தக் கதை என்பதுதான் தெரியாமல் இருந்தது. பழைய இதழ்களைத் தோண்டிய அன்டனி டோலினும் வில் மரேயும் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த நாவலை அடையாளம் கண்டார்கள்.

இன்னொரு மறைவும் உண்டு. பேட்மேன் படைப்பாளி என்று நெடுங்காலம் அச்சில் வந்தது கேனின் பெயர் மட்டுமே. ஃபிங்கர் 1974இல் இறந்தார். எழுத்தாளர் மார்க் டைலர் நோபிள்மன் அவரது வரலாற்றைத் தேடி, அதுவரை வெளியுலகம் அறியாத வாரிசு ஒருவரையும் கண்டுபிடித்தார். குடும்பத்தின் முயற்சியால் 2015இல்தான் ஃபிங்கரின் பெயரைச் சேர்த்துக்கொள்ள நிறுவனம் ஒப்புக்கொண்டது. துப்பறியும் கதையாகத் தொடங்கிய பாத்திரத்தின் உண்மையான எழுத்தாளரையும் துப்பறிந்துதான் மீட்க வேண்டியிருந்தது.

மூன்று கேள்விகள்

டோலினும் மரேயும் செய்த வேலையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதை மூன்று கேள்விகளாகப் பிரிக்கலாம்.

ஒன்று, வாய்ப்பு. படைப்பாளி அந்த மூலத்தைப் பார்த்திருக்க முடியுமா? ஃபிங்கர் ஷாடோ கதைகளின் வாசகர் என்பது அவர் வாயாலேயே வந்த தகவல். இரண்டு, தனித்தன்மை. ஒற்றுமை பொதுவானதா, அல்லது தற்செயலாக அமைய முடியாத அளவுக்கு நுணுக்கமானதா? கொலை, இருட்டு, மழை ஆகியவை எல்லாக் கதையிலும் வரும். இரசாயன நிறுவனமும், பங்காளிகளும், ஒரே வரிசையில் விழும் கொலைகளும் அப்படி வருவதில்லை. மூன்று, வேலை. அந்தக் குறிப்பை எடுத்துவிட்டால் படைப்பில் ஏதாவது குறைகிறதா? ஒன்றும் குறையாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது, ரசிகர்கள் அடிக்கடி தாண்டிப்போவதும் அதையே. ஓர் உதாரணம்: 2018இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வோர்’ படத்தில் ரொபர்ட் டவுனி ஜூனியரும் பெனடிக்ட் கம்பர்பட்ச்சும் எதிரெதிரே நின்று வாதாடுகிறார்கள். முன்னவர் 2009இல் திரையில் ஷெர்லொக் ஹோம்ஸ் ஆனவர். பின்னவர் 2010இல் பிபிசி தொலைக்காட்சியில் ஹோம்ஸ் ஆனவர். இரண்டு ஹோம்ஸ்களும் ஒரே காட்சியில் நிற்பதைக் கண்டு ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். மகிழலாம், தப்பில்லை. ஆனால் அந்தத் தகவல் தெரியாதவருக்கு அக்காட்சியில் எதுவும் குறையப்போவதில்லை. அது நடிகர் தெரிவால் வந்த சுவை. கதைக்குள் அதற்கு வேலை இல்லை.

கோதமின் தண்ணீர்

இதே கேள்விகளை ‘த பேட்மேன்’ படத்திடம் கேட்டால் கிடைக்கும் விடைகள் வேறு.

படம் நாட்குறிப்பு வாசிப்பதுபோன்ற குரலோடு நகர்கிறது. தூக்கம் கெட்டு, நகரத்தை வெறுத்து, ஆனாலும் விட்டுப்போக மாட்டாத ஒருவனின் தன்னிலைக் குரல். இது ரேமண்ட் சாண்ட்லர் தன் துப்பறிவாளன் பிலிப் மார்லோவுக்குக் கொடுத்த குரல். மார்லோ முதன்முதலாக நாவலில் வந்த ‘த பிக் ஸ்லீப்’ வெளியானது 1939இல். பேட்மேன் பிறந்ததும் அதே ஆண்டு. மார்லோ கதைகளின் அடிப்படை ஒன்றே: ஒரு செல்வக் குடும்பத்தின் அழுக்கைத் தேடி வெளியார் ஒருவன் உள்ளே நுழைகிறான். 2022 படம் அதைத் திருப்பிப் போடுகிறது. தேடுபவனே செல்வக் குடும்பத்தின் வாரிசு. தோண்டத் தோண்ட வெளியே வருவது அவனுடைய தகப்பனுக்கும் தாதா ஃபல்கோனுக்கும் இருந்த தொடர்பு. அந்தக் குரலை எடுத்துவிட்டால் இந்தத் திருப்பத்தின் உறைப்பு போய்விடும். மூன்றாவது கேள்விக்கு இங்கே தெளிவான விடை இருக்கிறது.

ரிட்லர் ஒவ்வொரு கொலையிலும் பேட்மேன் பெயருக்கு ஒரு வாழ்த்து அட்டையும் சங்கேதக் குறியீடும் விட்டுப்போகிறான். இதன் மூலம் கதையில் இல்லை, நிஜத்தில் இருக்கிறது. 1968, 1969 ஆண்டுகளில் வட கலிபோர்னியாவில் கொலைகள் செய்து, பத்திரிகைகளுக்குச் சங்கேதக் கடிதம் அனுப்பிய ‘சோடியக்’ கொலையாளியே ரிட்லருக்கு முன்மாதிரி என்று இயக்குநர் மட் ரீவ்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வாய்ப்பு என்ற முதல் கேள்வி அத்தோடு முடிந்தது. தனித்தன்மையைப் பார்க்க அந்த வழக்கைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். சோடியக்கின் 408 குறிகள் கொண்ட முதல் சங்கேதத்தை 1969 ஓகஸ்டில் உடைத்தவர்கள் உளவுத்துறையினர் அல்லர். சலினாஸ் நகரத்துப் பள்ளி ஆசிரியர் டொனல்ட் ஹார்டனும் அவர் மனைவி பெற்றியும் பத்திரிகையில் பார்த்துவிட்டு வீட்டில் இருந்தபடி உடைத்தார்கள். 340 குறிகள் கொண்ட இன்னொரு சங்கேதம் 2020 டிசம்பரில், வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த மூன்று ஆர்வலர்களின் முயற்சியால் உடைந்தது. படத்திலும் முதல் சங்கேதத்தோடு மல்லுக்கட்டுபவர் பொலிஸ் நிபுணர் அல்லர், வீட்டுப் பணியாளர் அல்ஃபிரட்.

மூன்றாவது சுவடு 1974இல் வந்த ‘சைனாடவுன்’. இதையும் ரீவ்ஸ் தன் முன்மாதிரிகளில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் தனியார் துப்பறிவாளன் ஒருவன் சாதாரண வழக்கொன்றை எடுக்கிறான். அது லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கான தண்ணீரை வைத்து நடக்கும் பெரும் ஊழலில் போய் முடிகிறது. கோதமிலும் ஒரு கொலைவழக்கு நகர நிதியின் ஊழலில் போய் முடிகிறது. பிறகு கடலணை வெடித்து நகரத்துக்குள் தண்ணீர் வருகிறது. லொஸ் ஏஞ்சலிஸில் தண்ணீரைத் திருடினார்கள், கோதமில் அதைத் திறந்துவிடுகிறார்கள். ஊழல் எங்கே வேர் விட்டதோ அங்கேயே அழிவும் தொடங்குகிறது என்ற கருத்தைப் படம் வசனமாகச் சொல்வதில்லை. அந்தப் பழைய படத்தைத் தெரிந்தவருக்கு வெள்ளமே அதைச் சொல்லிவிடும்.

தொழில் தெரிந்தவனின் கண்

இத்தனை குறிப்புகளிலும் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கம்பளக் கருவிதான். அது போவின் உத்தியை நினைவூட்டுவதோடு நிற்கவில்லை. துப்பறியும் கதையின் இன்னும் பழைய அடித்தளம் ஒன்றை அது தொடுகிறது.

2008இல் வந்த ‘த டார்க் நைட்’ படத்தில் பேட்மேன் சுவரிலிருந்து துப்பாக்கிக் குண்டு பாய்ந்த செங்கல்லைப் பெயர்த்து எடுத்துப்போகிறான். கணினி அந்தச் சிதறிய குண்டைத் திரும்ப ஒட்டவைத்து அதிலிருந்து விரல்ரேகை எடுத்துக் கொடுக்கிறது. அங்கே துப்பறிந்தது இயந்திரம். 2022இல் இயந்திரமும் உதவவில்லை, செல்வந்தனின் படிப்பும் உதவவில்லை. கம்பளம் விரிக்கும் தொழிலாளியின் மருமகன் அந்தக் கருவியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்கிறான். தடயம் என்பது அந்தத் தொழிலில் புழங்குபவனுக்கு மட்டுமே பேசுகிறது.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள வாகரைப் பகுதி மக்களுக்கு இதைப் பாடம் நடத்தத் தேவையில்லை. ஒருபக்கம் கடலும் களப்பும், மறுபக்கம் காடு. பனிச்சங்கேணி, கதிரவெளி, வெருகல் என்று நீளும் இந்தக் கரையில் காட்டை ஒட்டி வெள்ளாமை செய்பவர்களுக்கு யானை அயல்வீட்டுக்காரன் மாதிரி. காலையில் வட்டைக்குப் போகிறவர் முதலில் பார்ப்பது நிலத்தைத்தான். வட்டமான தடம் முன்கால், நீளவாட்டில் இருப்பது பின்கால். முன்காலடியின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரட்டித்தால் யானையின் தோளுயரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். பாதத்தின் வெடிப்புக் கோடுகள் மண்ணில் தெளிவாகப் பதிந்திருக்கிறதா, தேய்ந்து மழுங்கியிருக்கிறதா என்பதிலிருந்து வயதை ஊகிக்கலாம். தடத்தின் விளிம்பு உதிர்ந்திருக்கிறதா, உள்ளே பனி விழுந்திருக்கிறதா, மேலே பூச்சி ஊர்ந்த கோடு இருக்கிறதா என்பதைக் கொண்டு அது போய் எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லலாம். தனியனா கூட்டமா, குட்டியோடு வந்ததா என்பது அன்றிரவு காவல் பரணில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். அங்கே வாசிப்புப் பிழைத்தால் பயிரும் போகலாம், உயிரும் போகலாம்.

இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில் சொல்வதும் இதைத்தான். ஓவியங்களில் காதுமடலையும் நகத்தையும் பார்த்து வரைந்தவரை இனங்கண்ட மொரெல்லி, நோயாளியின் சிறு தவறுகளைக் கவனித்த ஃபிராய்ட், சுருட்டுச் சாம்பலை ஆராய்ந்த ஷெர்லொக் ஹோம்ஸ் ஆகிய மூவரும் ஒரே அறிவுமுறையின் பிள்ளைகள் என்பது அவர் வாதம். அந்த முறையின் மூதாதை வேடன். மண்ணில் பதிந்த தடத்தையும் முறிந்த கிளையையும் பார்த்து, கண்ணில் படாத விலங்கின் கதையைச் சொன்னவன் அவன்.

செரண்டிப்பின் ஒட்டகம்

இந்த வாதத்துக்குக் கின்ஸ்பர்க் எடுத்தாளும் கதைகளில் ஒன்று நம்மவர்க்கு ஆர்வமூட்டும். 1557இல் வெனிஸ் நகரில் ‘செரண்டிப் மன்னனின் மூன்று இளவரசர்கள்’ பற்றிய கதைநூல் இத்தாலிய மொழியில் அச்சானது. செரண்டிப் என்பது அரபியரும் பாரசீகரும் இலங்கைக்கு வைத்த பெயர். காணாமற்போன ஒட்டகத்தைத் தேடிவரும் ஒருவனிடம் இளவரசர்கள் அந்த ஒட்டகத்துக்கு ஒரு கண் குருடு, ஒரு பல் இல்லை, ஒரு கால் நொண்டி என்று சொல்லிவிடுகிறார்கள். ஒட்டகத்தைப் பார்க்காமலே இவ்வளவும் தெரிந்தால் அவர்கள்தாம் கள்வர் என்று பிடிபடுகிறார்கள். பாதையின் ஒரு பக்கப் புல் மட்டும் மேயப்பட்டிருந்ததையும், வாயிலிருந்து விழுந்த புல்லுருண்டைகளையும், இழுபட்ட காலடியையும் விளக்கித்தான் அவர்கள் தப்புகிறார்கள். இக்கதையின் சாயலில் வோல்டேர் 1740களில் ‘ஸாடிக்’ எழுதினார். ஐரோப்பியத் துப்பறியும் கதையின் முன்னோடிகளைத் தேடுவோர் ஸாடிக்கைத் தவறவிடுவதில்லை.

தமிழிலும் இந்த ஒட்டகம் உண்டு. ‘அலகேச கதை’ எனப்படும் நான்கு மந்திரிகள் கதையில் நான்கு இளைஞர்கள் இதேபோல் தடம் பார்த்துப் பேசுகிறார்கள். ஒட்டகம் நொண்டி, ஒரு கண் குருடு, வால் கட்டை, வயிற்று நோயுள்ளது. வால் கட்டை என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் அழகானது: கொசு கடித்த இடத்து இரத்தத் துளிகள் வழியில் சிந்தியிருக்கின்றன, வால் நீளமாக இருந்திருந்தால் கொசுவை விரட்டியிருக்கும். இக்கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் பண்டித நடேச சாஸ்திரி. அம்மொழிபெயர்ப்பு 1889இல் கிளவுஸ்டனின் கீழைத்தேயக் கதைத் தொகுப்பில் இடம்பெற்றது. அதே நடேச சாஸ்திரி 1894இல் ‘தானவன்’ என்ற பொலிஸ் துப்பறிவாளனை நாயகனாக வைத்துத் தமிழில் எழுதினார். தமிழின் முதல் துப்பறியும் புனைவுகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. தடம் பார்க்கும் பழங்கதையும் நவீனத் துப்பறிவாளனும் ஒரே மனிதரின் மேசையில் சந்தித்திருக்கிறார்கள்.

அப்படியானால் பேட்மேனின் பூட்டன் இலங்கைக்காரன் என்று மார்தட்டலாமா? மூன்று கேள்விகளை இங்கும் கேட்டாக வேண்டும். செரண்டிப் என்ற பெயர் இருப்பதால் மட்டும் கதை இங்கே பிறந்தது என்று ஆகாது. அந்த இத்தாலிய நூலின் வேர் பாரசீக இலக்கியத்தில், அமீர் குஸ்ரோ 1302இல் முடித்த ‘ஹஷ்த் பிஹிஷ்த்’ வரை போகிறது. தொலைதூர அதிசய நாடு ஒன்றின் பெயர் கதைசொல்லிக்குத் தேவைப்பட்டது, செரண்டிப் அதற்குப் பொருந்தியது. மேலும், ‘த பேட்மேன்’ எடுத்தவர்கள் அலகேச கதையை வாசித்தார்கள் என்று எந்த ஆதாரமும் இல்லை. முதல் கேள்வியிலேயே இது தோற்கிறது. ஆகவே ஒட்டகக் கதை அந்தப் படத்துக்குள் ஒளிந்திருக்கும் குறிப்பு ஆகாது. இரண்டும் ஒரே அறிவுமுறையின் கிளைகள் என்பதுவரைதான் நேர்மையாகச் சொல்லலாம். அதுவே சிறிய செய்தி அன்று.

நம் முகமூடிகள்

தமிழ் வாசகருக்குச் சூப்பர்ஹீரோவும் துப்பறிவாளனும் ஒரே கடைக் கயிற்றில் தொங்கி வந்தவர்கள். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரித்தானிய ‘வேலியன்ட்’ இதழில் தோன்றிய லூயிஸ் கிராண்டெல்தான் அவன். ஆய்வுகூட விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன், மின்சாரம் தாக்கினால் இரும்புக்கை தவிர உடல் முழுதும் மறைந்துபோகும். தொடக்கத்தில் குற்றவாளி, பின்னாளில் இரகசிய உளவுப்படை ஆள். அதே முத்து காமிக்ஸில் துப்பறிவாளர் ரிப் கெர்பியும் வந்தார். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸிலும் குற்றச்சக்கரவர்த்தி ஸ்பைடரும் துப்பறிவாளர்களும் அக்கம்பக்கமாக இருந்தார்கள். ஒருவன் மாயசக்தியால் வெல்வான், மற்றவன் மூளையால் வெல்வான். வாசிக்கும் சிறுவனுக்கு இருவரும் ஒரே இனம்.

இந்தப் பின்னணியில் இயக்குநர் மிஷ்கின் சுவையான உதாரணம். 2012 ஓகஸ்டில் வந்த அவருடைய ‘முகமூடி’ தமிழில் வந்த சூப்பர்ஹீரோ முயற்சி. 2017இல் வந்த ‘துப்பறிவாளன்’ ஷெர்லொக் ஹோம்ஸை வெளிப்படையாகவே முன்மாதிரியாகக் கொண்ட படம். இரண்டையும் ஒரே ஆள் எடுத்ததால் முகமூடிக்குள் ஹோம்ஸ் ஒளிந்திருப்பார் என்று எதிர்பார்ப்போம். வாய்ப்பு நிறைய இருக்கிறது. ஆனால் தேடினால் கிடைப்பது வேறு. முகமூடியின் நாயகன் தன்னைப் புரூஸ் லீ என்று அழைத்துக்கொள்ளும் சண்டைக் கலைஞன். முகமூடி போடுவதும் முதலில் ஒரு பெண்ணையும் குழந்தைகளையும் கவருவதற்காகத்தான். அவன் குங்ஃபூ படங்களின் பிள்ளை. குற்றத்தை உடல் எதிர்கொள்கிறது, தடயம் பின்னுக்குப் போகிறது.

மாறாக, ‘துப்பறிவாளன்’ படத்தின் கணியன் பூங்குன்றன் ஒரு சிறுவனுடைய நாய் கொல்லப்பட்ட வழக்கை எடுக்கிறான். பெரிய மனிதர்களின் பெரிய வழக்குகள் வெளியே காத்திருக்க, நாய்க்குட்டியின் உடலில் பாய்ந்த தோட்டா அவனைப் பெருஞ்சதி ஒன்றுக்குக் கொண்டுபோகிறது. ஆனால் இந்தப் படத்தின் நடுவே நாயகன் தனியாளாய் நின்று ஒரு கூட்டத்தையே அடித்து வீழ்த்தும் நீண்ட சண்டையும் வருகிறது. தமிழில் சூப்பர்ஹீரோ படத்துக்குள் துப்பறிவாளன் ஒளிந்திருக்கவில்லை. துப்பறியும் படத்துக்குள்தான் சூப்பர்ஹீரோ ஒளிந்திருக்கிறான். ஹொலிவூட் போன வழிக்கு இது நேரெதிர்.

இதற்குக் காரணம் நம் சந்தையில் இருக்கிறது. துப்பறியும் கதை தமிழில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் தொடங்கி, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் வரை வாசகருக்கு அறிமுகமானவர்கள் அவர்கள். அதனால் துப்பறிவாளனைத் தமிழ்த் திரையில் ஒளித்துவைக்க வேண்டிய தேவை எழவில்லை. முகமூடி மனிதன்தான் நமக்குப் புதியவன். அவனைத் திரைக்குள் கொண்டுவரத்தான் பழகிய வடிவம் ஒன்று வேண்டியிருந்தது, அதற்குச் சண்டைப்படம் கைகொடுத்தது. எது பழகியதோ அது வெளியே நிற்கும், எது புதியதோ அது பழகியதின் போர்வைக்குள் நுழையும். மறைகுறிப்பைத் தேடுபவர் படைப்பாளியின் வாசிப்பை மட்டும் கண்டுபிடிப்பதில்லை. ஒரு சமூகத்துக்கு எந்தக் கதைவடிவம் பழகிப்போயிற்று என்பதையும் சேர்த்தே கண்டுபிடிக்கிறார்.

ஆகவே அடுத்த சூப்பர்ஹீரோ படத்தில் ஹோம்ஸின் தொப்பியோ மார்லோவின் மழைச்சட்டையோ கண்ணில் பட்டால் அதோடு நின்றுவிட வேண்டியதில்லை. அது கதையில் என்ன வேலை செய்கிறது என்று கேட்கலாம். நல்ல படைப்பாளி துப்பறியும் கதையிலிருந்து எடுப்பது அதன் உடுப்பை அன்று, அதன் ஒழுக்கத்தை. உலகம் விட்டுச்சென்ற சிறு தடத்தையும் மதித்துப் பார்ப்பது, அதை வாசிக்கத் தெரிந்தவன் எந்தத் தொழில் செய்தாலும் அவன் சொல்லுக்குக் காது கொடுப்பது என்பதே அந்த ஒழுக்கம். ‘த பேட்மேன்’ படத்தில் கோடிகளின் வாரிசு அந்தப் பொலிஸ்காரரின் சொல்லைக் கேட்டதும் அதனால்தான். அந்த ஒரு கணத்தில்தான் அவன் உண்மையிலேயே துப்பறிவாளன் ஆகிறான்.